மெழுகில் வைத்த தெத்துப்பல்

டாக்டரம்மா மேஜைமேல் ஒரு பச்சைத் துணியை விரித்து, நாலு செட் பல்லை வரிசையாக எடுத்து வைத்தபோது டெய்லருக்குச் சிரிப்புதான் வந்தது. நாலு பேர் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டு பல்லை மட்டும் வெளியே நீட்டி இளிப்பதுபோல் இருந்தது. சிரமப்பட்டு அடக்கிக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்குட்டையால் வாயை மூடியபடி நாலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அறுபத்தெட்டு வயது. ஈறு இறங்கி, ஒன்றொன்றாக ஆடி, ஒன்றொன்றாகப் போய், கடைசியில் மிஞ்சிய ஐந்து பல்லையும் இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்கள். ஈறு ஆறுவதற்காகக் காத்திருந்த அந்த இரண்டு மாதமும் அவள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. வெளியூரில் இருக்கும் மகள் போனில் முகம் பார்த்துப் பேசக் கூப்பிட்டால், விளக்கு சரியில்லை, போன் சரியில்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லிக் குரலை மட்டும் அனுப்பினாள்.

"முதல்ல இது," என்று டாக்டரம்மா ஓரத்தில் இருந்ததைத் தொட்டார். "சாதா செட். பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் பல்லு. முன்பல்லு ஆறும் ஒரே அட்டையில வரிசையா ஒட்டி வரும். அத அப்படியே எடுத்து வெச்சிடுவோம். ரெண்டு தடவை வந்தா வேலை முடிஞ்சுது."

"ரெடிமேடு," என்றார் டெய்லர்.

"ஆமா, அப்படித்தான். அம்மா அளவுக்குத் தட்டு மட்டும் செய்வோம், மத்ததெல்லாம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நாலஞ்சு வருஷத்துல பல்லு தேஞ்சிடும்."

இரண்டாவதை எடுத்துக் கையில் கொடுத்தார். டெய்லர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். முதலாவதற்கும் இதற்கும் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. விலை மட்டும் இரண்டரை மடங்கு.

"பாத்தா ஒண்ணு மாதிரிதான் இருக்கும்," என்றார் டாக்டரம்மா. "ஆனா பல்லு வேற. உள்ள ரெண்டு மூணு அடுக்கா நிறம் குடுத்துச் செஞ்சது, சொந்தப் பல்லு மாதிரி இருக்கும், சீக்கிரம் தேயாது. அதைவிட முக்கியம், அம்மா வாய மூடித் திறக்கறதெல்லாம் அளந்து, முகத்துக்கு ஏத்தபடி ஒவ்வொரு பல்லா கையால வெக்கணும். முதல்ல மெழுகுல வெச்சு அம்மா வாயில போட்டுப் பார்ப்போம். அவங்க சரின்னு சொன்னப்புறம்தான் பிளாஸ்டிக். காசு பொருளுக்கு மட்டும் இல்ல ஐயா, கை வேலைக்கும் அந்த ட்ரையலுக்கும் சேர்த்துத்தான்."

ட்ரையல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் டெய்லர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வருஷமாகக் கோட்டுத் தைக்கிறவர். 'எதிர்க்கடையில தொங்கற கோட்டு இதுல பாதி விலைதானே' என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் இதே விளக்கத்தைத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறார். முதல் தடவையாக யாரோ அதை அவருக்கே திருப்பிச் சொல்வதைக் கேட்க அவருக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாவதில் மேலண்ணத் தட்டு மட்டும் உலோகம். மெல்லிசு, உடையாது, காபியின் சூடு மேலண்ணத்துக்குத் தெரியும். வார்ப்பதற்கு வேறு பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்பதால் செலவு ஏறும். நாலாவதற்குத் தாடை எலும்பில் திருகு இறக்க வேண்டும். திருகின் தலையில் ஒரு குமிழ், பல் செட்டின் அடியில் ஒரு குழி, இரண்டையும் சேர்த்து அழுத்தினால் டக்கென்று உட்கார்ந்துகொள்ளும் என்று டாக்டரம்மா செய்தே காட்டினார்.

"அட, பிரஸ் பட்டன்!" என்று டெய்லர் கிட்டத்தட்டக் கத்திவிட்டார்.

டாக்டரம்மா சிரித்தார். "இத்தனை வருஷமா இத நான் எப்படியெல்லாமோ விளக்கிட்டிருக்கேன். இனிமே இப்படியே சொல்லிடறேன். விலை எங்க போகுதுன்னா, ஆபரேஷன், ஸ்கேன், அப்புறம் எலும்பு அத பிடிச்சுக்கற வரைக்கும் மாசக்கணக்குல காத்திருக்கறது. அம்மாவுக்கு எலும்பு கொஞ்சம் மெலிசு. நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

இதற்குள் மனைவி கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினாள். "சாதாவே போதும் டாக்டர். பல்லு வரிசையா, நேரா இருந்தா சரி."

டாக்டரம்மா அவள் பெயர் போட்ட அட்டையில் 'நேரான வரிசை' என்று எழுதிக்கொண்டார். டெய்லர் தொண்டையைச் செருமினார்.

"அந்த சாதாவுல, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன், ஒரு பல்ல மட்டும் இப்படி அப்படி மாத்தி வெக்க முடியுமா?"

"முடியாதுங்க. ஆறும் ஒண்ணா வர்றது."

"ரெண்டாவதுல?"

"அதுல எப்படி வேணும்னாலும் வெக்கலாம்."

"அப்ப ரெண்டாவதே செஞ்சிடுங்க," என்றார் டெய்லர் பட்டென்று.

அவர் மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். ஒரு பட்டனை வாங்குவதற்குக்கூட நாலு கடை ஏறி இறங்குகிற மனுஷன். அவள் கண் கலங்கிவிட்டது. அன்று சாயந்திரம் மகளிடம் போனில், "உங்கப்பா நான் கேக்காமலே ஒசத்தியா எடுத்துக் குடுக்கறார்டி" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததை டெய்லர் அடுத்த அறையிலிருந்து கேட்டார். கேட்டுவிட்டு மீசைக்குள் சிரித்துக்கொண்டார். விஷயம் தெரிந்தால் இன்னும் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அவர் கணக்கில் அப்போது பிழை ஒன்றுமே இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். அவளுக்கு இடது பக்கத்தில் ஒரு தெத்துப்பல் இருந்தது.

நாற்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால், டெய்லர் இருபத்தேழு வயது இளைஞனாக, தலைநிறைய முடியோடு, தபால் நிலையத்துக்குச் சண்டை போடப் போனார். கோட்டுப் பட்டன் பன்னிரண்டு டஜன், கறுப்பு, நாலு ஓட்டை, மொத்த வியாபாரி பார்சலில் அனுப்பி ஒரு வாரம் ஆகியும் வந்து சேரவில்லை. கவுன்ட்டரில் இருந்தவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "உள்ள போய் நீங்களே கேளுங்க" என்று தடுப்பைத் தூக்கி வழிவிட்டார். உள்ளே ஜன்னலில்லாத நீள அறை. சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்து கடிதங்களைப் பிரித்து மாடங்களில் எறிந்துகொண்டிருந்தாள். ஒன்றுகூடக் குறி தப்பவில்லை.

இவர் எகிறிக் குதித்தார். பட்டன் இல்லாமல் மூன்று கோட்டு நிற்கிறது, வாடிக்கையாளர்கள் கழுத்தைப் பிடிக்கிறார்கள், பொறுப்பில்லாத டிபார்ட்மென்ட் என்று என்னவெல்லாமோ பேசினார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். அட்டைப் பெட்டியா, எவ்வளவு பெரிசு, மேலே என்ன கயிறு என்று விசாரித்தாள். கேட்டுக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, மெதுவாகக் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். கால் வைத்துக்கொள்ள வாகாக இருக்கிறதென்று இரண்டு நாளாக அவள் காலடியில் போட்டிருந்த பெட்டி அவருடைய பட்டன் பெட்டி.

அவள் சிரித்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள், அதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. அந்தச் சிரிப்பில்தான் தெத்துப்பல் வெளியே வந்தது. பக்கத்துப் பல்லின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு பல். டெய்லருக்குக் கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்ல மறந்து, வந்த வழி தெரியாமல் பக்கத்துச் சாக்கு அறைக்குள் போய்த் திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு அவர் பட்டன் வாங்குகிற முறையே மாறிப்போனது. மொத்தமாக வாங்குவதை விட்டுவிட்டு, வாரம் ஒரு டஜனாகத் தபாலில் வரவழைத்தார். வந்து சேருவதற்கு முந்தின நாளே போய், "என் பார்சல் வந்துச்சா?" என்று உள் அறைக்குள் தலையை நீட்டுவார். ஒரு வருஷத்தில் கடையில் பட்டன் மலைபோல் குவிந்தது. அந்த மலையில் பாதிகூடக் கரைவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது.

வாழ்க்கை முழுக்க அவர் அந்தப் பல்லைப் புகழ்ந்திருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் பட்டன் கதையைச் சொல்லி, "இந்தப் பல்லுதான் என்னைக் கவுத்துச்சு" என்று முடிப்பார். கேட்கிறவர்கள் அவள் வாயைப் பார்ப்பார்கள். அவள் எழுந்து உள்ளே போய் ஏதாவது வேலையைப் பார்ப்பாள். வெட்கம் என்று அவர் அதற்கு அர்த்தம் செய்து வைத்திருந்தார். மகளுக்குப் பன்னிரண்டு வயதில் அதே இடத்தில் அதே மாதிரி ஒரு பல் முளைத்தபோது, "இருந்துட்டுப் போகட்டும், உன்ன மாதிரியே இருக்கா பாரு" என்று குதூகலித்தார். மனைவி மாதம் ஒருமுறை லீவு போட்டுவிட்டு, மகளை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய், இரண்டு வருஷம் கம்பி கட்டி அந்தப் பல்லை நேராக்கிக்கொண்டுதான் ஓய்ந்தாள். அம்மாக்களுக்கு இப்படி ஒரு பைத்தியம் உண்டு போலிருக்கிறது என்று டெய்லர் விட்டுவிட்டார்.

இப்போது அந்தப் பல் போய்விட்டது. எடுத்த அன்று டாக்டரம்மா அதை ஒரு கிண்ணத்தில் போட்ட சத்தம் அவர் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. எல்லாருக்கும் பல் போகிறது, இவருக்கே கடைவாயில் நாலு இல்லை, அதற்காக யாராவது துக்கம் கொண்டாடுவார்களா? ஆனாலும் அவருக்குத் துக்கமாகத்தான் இருந்தது. எதிரில் உட்கார்ந்திருக்கிற கிழவியின் முகத்தில் அந்தத் தபால் நிலையத்துப் பெண்ணைப் பார்ப்பதற்கு அவருக்கு இருந்த ஒரே ஜன்னலை யாரோ அடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆகவே, அளவெடுத்த மூன்றாம் நாள், கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மாவிடம் போகவில்லை. பின்பக்கம் பல் கட்டுகிற அறை இருந்தது. அங்கே வேலை செய்கிறவரை ஆஸ்பத்திரியில் எல்லாரும் மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். நாற்பது வயதிருக்கும். மாவு படிந்த கை, நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடி. அவர் முன்னால் சின்ன ஸ்பிரிட் விளக்கு எரிந்தது. அதில் கத்தியைக் காட்டிச் சுடவைத்து ரோஜா நிற மெழுகை வழித்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனும் நம்ம ஜாதிதான், வேலை செய்கிற ஜாதி என்று டெய்லருக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போனது.

சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் எடுத்தது. போட்டோக்காரர் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்த வினாடி.

"இந்தப் பல்லு வேணும்," என்றார்.

மேஸ்திரி பூதக்கண்ணாடியை இறக்கிப் போட்டோவைப் பார்த்தார். பிறகு ஆணியில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். "நேரான வரிசைன்னு எழுதியிருக்குங்களே ஐயா."

"அது அவ டாக்டர்கிட்ட கூச்சப்பட்டுச் சொன்னது. யாராவது போய் எனக்குக் கோணப்பல்லு வெச்சுக் குடுன்னு வாய்விட்டுக் கேப்பாங்களா? நான் சொல்றேன், வைங்க. போட்டுப் பாத்ததும் அசந்துபோயிடுவா."

"கஷ்டமான வேலைங்க ஐயா. நேரா வெக்கறதுன்னா பல்லே வழி சொல்லும். கோணலா வெக்கணும்னா பக்கத்துப் பல்ல இழைக்கணும், ஈறை ஏத்தணும், அது அங்கயே முளைச்ச மாதிரி இருக்கணும். இல்லேன்னா யாரோ தட்டிவிட்ட மாதிரி தெரியும்." மேஸ்திரி மறுபடியும் போட்டோவைப் பார்த்தார். கைக்கு வேலை கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் மெல்ல வந்தது. "நல்ல பல்லுங்க. மெழுகுதானே, வெச்சுப் பாக்கலாம். அம்மா வேணாம்னா மாத்திடலாம்."

"வேணாம்னு சொல்லவே மாட்டா," என்றார் டெய்லர்.

அடுத்த பத்து நாளும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் தப்பாக வெட்டினார், வெட்டியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு சிரித்தார். வீட்டில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் ரகசியம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பியது. அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். நெடுநாள் அலமாரியில் கிடந்த நல்ல புடவையை எடுத்து மடிப்பு நீவினாள். பல் வந்ததும் தானே மகள் ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். இருவரும் ஒரே சாமானுக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று டெய்லர் மனப்பூர்வமாக நம்பினார்.

ட்ரையல் அன்று காலையில் முதல் ஆளாகப் போய்விட்டார்கள். டாக்டரம்மா மெழுகுத் தட்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து, சரியாகக்கூடப் பார்க்காமல் அவள் வாய்க்குள் பொருத்தினார். மேல், பிறகு கீழ். கன்னம் உப்பி வந்தது. உள்ளே இழுத்துக்கொண்டிருந்த உதடு வெளியே வந்து உதடு மாதிரி ஆனது. இரண்டு மாதமாக எண்பது வயதாகியிருந்தவள் ஒரு நிமிஷத்தில் அறுபதுக்கு வந்தாள். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னார் டாக்டரம்மா. "ஒண்ணு, ரெண்டு" என்று அவள் எண்ண ஆரம்பித்தபோது, இடது பக்கத்தில், பக்கத்துப் பல்லின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, அது எட்டிப் பார்த்தது.

டெய்லருக்கு மேஸ்திரியின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இருபத்துநாலு வயது, காதில் பென்சில், சாக்கு மூட்டை, எல்லாம் அந்த ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டு உயிரோடு எழுந்து வந்துவிட்டன. அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

டாக்டரம்மா கைக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தார்.

அவள் எட்டு வரைக்கும் எண்ணியிருந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். ஒன்பது வரவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள், பிறகு பக்கத்தில் கொண்டுவந்தாள். பிறகு அதை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"இத யார் வெக்கச் சொன்னது?"

டாக்டரம்மா அப்போதுதான் குனிந்து ஒழுங்காகப் பார்த்தார். திடுக்கிட்டு அட்டையைத் தேடினார். "நேரான வரிசைன்னுதானே..."

"நான்தான் சொன்னேன்," என்றார் டெய்லர், பரிசு வாங்க மேடை ஏறுகிறவரைப்போல. "போட்டோ குடுத்து வெக்கச் சொன்னேன். உனக்குச் சொல்லாம. எப்படி இருக்கு பாரு!"

அவள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவள் கோபம் அவருக்குப் பழக்கம். இது வேறு. பஸ் ஏறி வெகுதூரம் வந்தபிறகு தப்பான பஸ் என்று தெரிந்துகொண்டவளைப்போல் இருந்தாள்.

"டாக்டர், ரெண்டு நிமிஷம் குடுக்கறீங்களா," என்றாள். டாக்டரம்மா எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"என்னம்மா, பிடிக்கலியா?"

"என்னங்க, நான் வேலையில சேந்தப்ப என்ன எந்த சீட்டுக்கு எடுத்தாங்க தெரியுமா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "பிரிக்கற சீட்டுக்கு."

"கவுன்ட்டருக்கு. பரிட்சையில முதல் மார்க்கு நான். மூணு நாள் கவுன்ட்டர்ல உக்காந்தேன். மூணாம் நாள் போஸ்ட்மாஸ்டர் கூப்பிட்டு, ஜனங்க முகம் பாக்கற இடம்மா இது, பல்லக் காட்டிட்டு உக்காந்தா நல்லா இல்ல, நீ உள்ள போயிடுன்னார். எல்லார் முன்னாடியும். ஸ்டாம்பு விக்கறவர் சிரிச்சார்." நிறுத்தி, மெழுகுப் பல்லுக்குள் நாக்கைச் சரிசெய்துகொண்டாள். "அப்புறம் நாலு போஸ்ட்மாஸ்டர் மாறினாங்க. நானும் ஒரு தடவைகூடக் கேக்கல. கேட்டா மறுபடி பல்லப் பாப்பாங்களே. முப்பத்தாறு வருஷம் ஜன்னல் இல்லாத ரூம்ல உக்காந்துட்டு வந்தேன்."

அந்த அறை டெய்லர் மனதில் எப்படியெல்லாமோ இருந்திருக்கிறது. அது ஒரு தண்டனையாக அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? வர்றவங்ககிட்டயெல்லாம் அழகு அழகுன்னு சொல்லிட்டிருந்தீங்க. நீங்க சொல்லும்போது ஒவ்வொருத்தரும் என் வாயப் பாப்பாங்க. எனக்கு அப்பெல்லாம் அந்த ஸ்டாம்பு விக்கறவர் சிரிச்சதுதான் கேக்கும். அழகுன்னு சொல்ற மனுஷன்கிட்ட, இது எனக்குப் பிடிக்கலன்னு எந்த வாயால சொல்லுவேன்?" மடியில் கவிழ்த்திருந்த கண்ணாடியை அழுத்திப் பிடித்தாள். "பல்லெல்லாம் எடுத்த அன்னிக்கு எல்லாரும் அழுவாங்களாம். எனக்கு அது போச்சுன்னு நிம்மதியா இருந்துச்சு. நீங்க ஒசந்த செட்டா எடுத்துக் குடுத்தப்ப, பரவால்ல, நமக்காகச் செய்யறாரேன்னு நெனச்சேன்."

அந்தக் கடைசி வாக்கியம் டெய்லரை உட்கார வைத்துவிட்டது. நாற்காலி பின்னால் இருந்தது, நல்லவேளை.

அவர் தொழிலில் நேரான உடம்பு என்று ஒன்று கிடையாது. ஒரு தோள் இறங்கியிருப்பவர், கூன் விழுந்தவர், ஒரு கை குட்டையானவர் என்றுதான் வருவார்கள். வாய் திறந்து சொல்லமாட்டார்கள். அளவுநாடா சொல்லிவிடும். இவரும் ஒன்றும் சொல்லாமல் இறங்கின தோளில் இன்னொரு மடிப்புப் பஞ்சை வைத்துத் தைத்துவிடுவார். கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்க்கும்போது அந்த மனுஷர் கொஞ்சம் நிமிர்வார் பாருங்கள், அதற்காகத்தான் இந்தத் தொழில் என்று அவர் பெருமையடித்ததுண்டு. ஒருத்தரிடமாவது, உங்கள் கோணல் தோள் எனக்குப் பிடித்திருக்கிறது, அப்படியே தெரிகிற மாதிரி தைக்கிறேன் என்று அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கத்திரிக்கோலைப் பிடுங்கி முதுகில் செருகியிருப்பார்கள். ஊரில் பாதிப்பேர் தோளை நேராக்கியவர், சொந்தப் பெண்டாட்டிக்கு மட்டும் நாற்பத்துநாலு வருஷமாக அளவே எடுக்கவில்லை. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மெழுகில் வைத்துப் பார்க்காத சாதா செட்டையே வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நினைப்பு ஓடியது. நேரான பல் வந்திருக்கும், இவர் சாயமும் வெளுக்காமல் இருந்திருக்கும். இரண்டரை மடங்கு விலை எதற்கு என்று இப்போது அவருக்குச் சந்தேகத்துக்கிடமில்லாமல் புரிந்தது. இறுகுவதற்கு முன்னால், இது வேண்டாம் என்று சொல்ல ஒருத்திக்கு ஒரு நாள் கொடுக்கிறார்கள். அவள் சொல்லிவிட்டாள்.

எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே டாக்டரம்மாவும் மேஸ்திரியும் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"தப்பு அவர்மேல இல்ல டாக்டரம்மா. நான்தான் பொய் சொன்னேன்," என்றார் டெய்லர். "மேஸ்திரி, அத எடுத்துட்டு அம்மா சொன்ன மாதிரி வெச்சிடுங்க. எத்தனை நாளாகும்?"

"அரைமணி போதும்ங்க. பக்கத்துப் பல்ல இழைச்சிருக்கேன், அதையும் புதுசா மாத்தணும்."

"அம்மாவும் வரட்டும். எப்படி வேணும்னு அவங்களே சொல்லட்டும்."

பின்னறையில் ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. அவளை அதில் உட்காரவைத்துவிட்டு டெய்லர் சுவரோரம் நின்றார். கத்தி சூடானது. மெழுகு இளகியது. மேஸ்திரி இரண்டு விரலால் தெத்துப்பல்லைப் பிடித்து அசைத்தார், ஒரு முயற்சியும் இல்லாமல் வந்துவிட்டது. ஓரத்தில் இருந்த டப்பாவில் மற்றப் பற்களோடு போட்டார். டெய்லரின் நெஞ்சில் எதுவோ பிய்ந்தது. அவர் அதை முகத்தில் காட்டவில்லை. அழ வேண்டிய இடம் இது இல்லை என்கிற அளவுக்காவது அவருக்கு அன்று புத்தி வந்திருந்தது.

அவள் வாய் திறந்து வேலை சொன்னாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு தைரியமாக. இந்தப் பல் கொஞ்சம் பெரிசாகத் தெரிகிறது, குறையுங்கள். நடுவில் இடைவெளி வேண்டாம். இந்த நிறம் என் வயசுக்கு ரொம்ப வெள்ளை, ஒரு படி மங்கலாக இருக்கட்டும். மேஸ்திரி ஒவ்வொன்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்றார். ஒருமணி நேரமானது. தன் மனைவிக்கு இத்தனை அபிப்பிராயங்கள் உண்டு என்பதே டெய்லருக்கு இப்போதுதான் தெரிந்தது.

டாக்டரம்மா மறுபடி பொருத்தினார். கைக்கண்ணாடியைக் கொடுத்தார். அவள் முதலில் வாயை மூடியபடி பார்த்தாள். பிறகு லேசாகத் திறந்தாள். பிறகு, அறையில் யாரும் எதுவும் சொல்லாமலே, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். ஒரே சீரான, நேரான, கண்ணியமான பல்வரிசை. டெய்லர் அந்த முகத்தில் தேடித் தேடிப் பார்த்தார். பட்டன் பெட்டிக்காரி எங்கேயும் இல்லை. இந்தப் பெண்மணியை அவருக்கு முன்பின் தெரியாது. நாக்கு நுனிக்கு 'அழகு' என்கிற பழைய வார்த்தை வந்தது. அதை விழுங்கினார். துணி தைத்து முடித்ததும் கண்ணாடி முன்னால் நிற்கிறவரிடம் எப்போதும் கேட்பதை, கட்டிய மனைவியிடம் முதல் தடவையாகக் கேட்டார்.

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு," என்றாள் அவள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டெய்லர் பக்கத்திலேயே நின்றார். அவள் முகத்தை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், மறுபடி சிரித்துப் பார்த்தாள். அவரைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அவர் காத்திருந்தார்.